டேக் போகும்போது சத்தம் போடக்கூடாது

சென்ற வருடம் மே மாதக் கடைசி. வெள்ளவத்தைக் கடற்கரையிலிருந்து கொட்டாஞ்சேனையை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பஸ்ஸுக்குக் காசு இருந்தது. ஆனால் ஓரிடத்தில் உட்கார முடியும் என்று தோன்றவில்லை. பம்பலப்பிட்டியில் ஒரு முச்சக்கரவண்டிக்காரர் என் முன்னால் வந்து ஓரங்கட்டிய பிறகுதான், சிவப்புத் துணியை இன்னும் கையில் பிடித்திருப்பது தெரிந்தது. நிறுத்தச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். துணியைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு தொடர்ந்து நடந்தேன்.

நான் மலையகத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. நுகேகொடையில் மரக்கறிக் கடை, களுபோவிலையில் ஆஸ்பத்திரிக்கு எதிரே சாப்பாட்டுக் கடை, களனியில் செங்கல் ஏற்றும் வேலை என்று எங்கேயும் ஒரு வருடம் முழுதாக நின்றதில்லை. கொட்டாஞ்சேனையில் என் அறைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் படப்பிடிப்புகளில் உதவி இயக்குநர். கனடாவிலிருந்து ஒரு குழு வந்திருப்பதாகவும் சாமான் தூக்க ஆள் வேண்டும் என்றும் சொல்லி என்னைக் கூட்டிப் போனவர் அவர்தான்.

கனடாப் படம் என்றதும் பெரிய லொறிகளையும் நூறு பேரையும் எதிர்பார்த்தேன். வந்திருந்தவர்கள் நாலே பேர். இயக்குநர் சிறு வயதில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனவர். அங்கே லொறி ஓட்டிச் சேர்க்கும் பணத்தில் படம் எடுக்கிறார்.

"முதல் படத்துக்கு தியேட்டர்ல பதினொரு பேர், தம்பி. அதில நாலு பேர் என்ர மச்சான்மார். அதிலயும் ஒருத்தன் நித்திரை" என்று சிரிப்பார்.

வேலை முடிந்ததும் வெள்ளவத்தையில் அவர்கள் தங்கியிருந்த வீட்டில், கனடாப் படங்களை மடிக்கணினியில் போட்டுக் காட்டுவார். ஒன்றில், மீன் வற்றிப்போன ஊரில் அண்ணனும் தம்பியும் படகை விற்பதா வேண்டாமா என்பதைப் பற்றிக் கடைசிவரை பேசாமலே இருப்பார்கள். இன்னொன்றில், பனி அள்ளும் வண்டி ஓட்டும் பெண்ணை வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். மறுநாளும் அவள் விடியுமுன் எழுந்து, பூட்ஸைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். அவ்வளவுதான். அடிதடி இல்லை, பாட்டு இல்லை. பக்கத்து நாடான அமெரிக்காவின் பெரிய படங்கள் தியேட்டர்களைப் பிடித்துக்கொள்வதால், இப்படிப்பட்டவை சொந்த ஊரிலேயே ஒரு வாரம் ஓடினால் அதிசயமாம். கீழே ஓடிய ஆங்கிலம் எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்த பூட்ஸ் புரிந்தது. நானும் வேலை போன மறுநாள் அதே நேரத்துக்கு எழுந்தவன்.

அவர்கள் எடுத்துக்கொண்டிருந்த படமும் அதே வகைதான். கனடாவிலிருந்து வரும் ஒரு பெண், இறந்துபோன தாயின் குரலைக் காதில் கேட்டபடி, தாய் ஒருகாலத்தில் வேலைக்கு நடந்த தண்டவாள வழியே நடக்கிறாள். நடித்த அக்கா அங்கே ஒரு வங்கியில் வேலை செய்பவர்; லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். உண்மையாகவே குரல் கேட்டால்தான் முகத்தில் உணர்ச்சி வரும் என்று சொல்லி, காதில் இயர்போன் வைத்துப் பதிவை ஓடவிட்டுத்தான் நடப்பார்.

கடற்கரைக்கு அனுமதி எடுத்திருந்தார்கள். தண்டவாளத்துக்கு எடுக்கவில்லை. ஒரு ரயில் போன பிறகு, அடுத்தது வருவதற்குள் அவசரமாக எடுத்து முடிப்பார்கள். அக்காவுக்குப் பின்னால் நூறு அடி தூரத்தில், தெகிவளைப் பக்கம் பார்த்தபடி, கமராவில் விழாமல் தாழம்புதருக்குள் நிற்பது என் வேலை. ரயில் கண்டால் சிவப்புத் துணியை உயர்த்த வேண்டும். கமராவுக்குப் பக்கத்தில் நிற்கும் உதவி இயக்குநர் அதைப் பார்த்து நிறுத்துவார்.

முதல் நாள் நான் ஒரு பிழை விட்டேன். ரயிலைக் கண்டதும் துணியை மறந்து, "கோச்சி! கோச்சி!" என்று கத்திவிட்டேன். அது மற்றத் தண்டவாளத்தில் எதிர்ப்பக்கம் போகிற ரயில். அன்று எடுத்த காட்சிகளில் நல்ல டேக் அதுதானாம். சவுண்ட் எடுக்கும் வெள்ளைக்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் காதைத் தேய்த்தார். அவர் சொன்னதை இயக்குநர் எனக்குத் தமிழில் சொன்னார்.

"டேக் போகேக்க இருமல் வந்தாலும் விழுங்கோணுமாம். துணி தந்தது எதுக்கு, தம்பி? இன்னொருக்கா வாய் திறந்தா வேற ஆளைத்தான் பாக்கோணும்."

இயக்குநர் கோபக்காரரில்லை. ஆனால் நான் பயந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் பிற்பகல். பருவக்காற்றில் கடல் இரைந்துகொண்டிருந்தது. ஒரு ரயில் போனது. அடுத்ததற்கு இருபது நிமிடம் இருந்தது. அக்கா நடக்கத் தொடங்கினார். கரைப் பாறைகளில் குடைக்குள் உட்கார்ந்திருந்த ஒரு சிங்களக் காதல் ஜோடியின் குடை கமராவுக்குள் வருகிறது என்று, அதை மடக்கச் சொல்ல உதவி இயக்குநர் குனிந்தபடி ஓடினார். துணியைப் பார்க்க வேண்டிய ஒரே ஆள் அவர்.

அப்போது வளைவில் ஓர் எஞ்சின் திரும்பியது. பெட்டிகள் இல்லாத தனி எஞ்சின். எந்த நேர அட்டவணையிலும் இல்லாதது. அக்கா நடந்த அதே தண்டவாளத்தில்.

துணியை உயர்த்தினேன். யாரும் பார்க்கவில்லை. இயக்குநர் திரையில் அக்காவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். உதவி இயக்குநர் குடைக்காரருடன் கையெடுத்துக் கும்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். துணியை ஆட்டினேன். எஞ்சின் நெருங்கி வந்துகொண்டிருந்தது. வாய் தானாகத் திறந்தது, சத்தம் வரவில்லை. டேக் போகிறது, இந்த முறை அனுப்பிவிடுவார்கள் என்று தலைக்குள் ஓடியது. ஐந்து விநாடி இருக்கும். நான் வாயைத் திறந்தபடி பேசாமல் நின்றேன்.

பிறகு கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. கத்திக்கொண்டே ஓடினேன். எஞ்சின் கூவியபடி என்னைத் தாண்டியது. சவுண்ட்காரர் ஹெட்போனைப் பிய்த்து எறிந்துவிட்டு எழுந்தார். அக்கா மட்டும் திரும்பவில்லை. அதே வேகத்தில் நடந்தார். குடையைப் போட்டுவிட்டுப் பாறையிலிருந்து பாய்ந்த அந்த இளைஞர்தான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தார். இருவரும் கற்களில் விழுந்தார்கள். எஞ்சின் கடந்து போனது.

"உம்பலாட்ட பிஸ்ஸுத?" என்று அந்த இளைஞர் எங்கள் எல்லோரையும் பார்த்துக் கத்தினார். எங்களுக்குப் பைத்தியமா என்றுதான் கேட்டார். அவருடைய குடை கடலில் மிதந்துகொண்டிருந்தது.

அக்காவின் முழங்கையில் மட்டும் தோல் உரிந்திருந்தது. இயக்குநர் அழுதுகொண்டே வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "நீ கத்தினபடியாத்தான் அந்தப் பெடியன் நிமிர்ந்து பாத்தவன், தம்பி. கடவுள் மாதிரி நிண்டனி" என்றார். சவுண்ட்காரரும் என் தோளைத் தட்டினார். யாரோ தேநீர் தந்தார்கள். அதை ஒரு பாறையில் வைத்தேன். எல்லோரும் அக்காவைச் சுற்றி நின்ற நேரம் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டேன்.

கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர்ந்தபோது தொலைபேசி அடித்தது. அக்கா.

"எங்க தம்பி போனனி? ஒரு நன்றி சொல்லக்கூட விடேல்லை."

"அக்கா, நான் சொல்றத கேளுங்க. எஞ்சின் திரும்புனப்பவே பாத்துட்டேன். ஒடனே கத்தல. டேக் கெட்டா வேலய விட்டு அனுப்பிருவாங்கன்னு நின்னுட்டேன்."

அந்தப் பக்கம் அவர் மின்விசிறியை நிறுத்துவது கேட்டது.

"எனக்குக் காலில தெரிஞ்சது" என்றார்.

"என்னக்கா?"

"தண்டவாளக் கட்டை அதிர்ந்தது. ட்ரெயின் எண்டு தெரியும். எந்தப் பக்கத்து ட்ரெயின் எண்டு திரும்பிப் பாக்கேல்லை. டேக் நல்லா வந்துகொண்டிருந்தது." பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீ நிக்கிறாய்தானே எண்டு நினைச்சன்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் அன்றிரவு தூங்கியிருப்பேன்.

படம் இந்த வருடம் வெளிவந்தது. கனடாவில் இரண்டே தியேட்டர்களில், சில நாட்கள். இயக்குநர் அனுப்பிய இணைப்பில் என் தொலைபேசியில் பார்த்தேன். கிடைத்தால் நீங்களும் பாருங்கள். அவசரம் இல்லாமல் பார்க்க வேண்டிய படம். அந்த டேக் அப்படியே இருக்கிறது. அக்கா நடந்து வருகிறார், முகத்தில் ஏதோ ஒன்று வந்து போகிறது, அதோடு வெட்டிவிட்டார்கள். கட்டை அதிர்ந்த பிறகு, என் கத்தலுக்கு முந்திய இடம் அது. கடல் இரைச்சல் மட்டும்தான் கேட்கிறது. அந்த முகத்தைப் பார்ப்பவர்கள் நடிப்பு என்று நினைப்பார்கள்.

அக்கா பேசிய மறுநாள் காலை, அடுத்த படப்பிடிப்புக்கு வரச்சொல்லி உதவி இயக்குநர் கதவைத் தட்டினார். நான் போகவில்லை. புறக்கோட்டையில் ஒரு தனியார் பஸ்ஸில், மிதிபலகையில் நின்று ஊர்ப்பெயர் கூவி ஆள் ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். யாராவது ஒரு காலைத் தரையில் வைத்து இறங்கும்போது பஸ் அசைந்தால், சாரதியின் முகத்தைப் பார்க்காமல் கத்துகிறேன். ஏனென்றால் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை, நான் நிற்கிறேன்தானே என்று நினைத்துக்கொள்கிறார்கள்.