கணக்கில் தேறாத என் அண்ணன்

என் அண்ணனுக்குக் கணக்கு வராது என்று ஊரில் யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும். அது உண்மையில்லை. பெருக்கல், வகுத்தல், பின்னம் எல்லாம் வாயாலேயே போட்டுவிடுவான். அவனுக்கு வராதது ஒன்றே ஒன்றுதான். கதையாக எழுதிய கணக்கைச் சமன்பாடாக மாற்றுவது.

எங்கள் வீடு அனுமந்தன்பட்டியில். அண்ணன் தினமும் உத்தமபாளையத்துக்கு நடந்துபோய் ஹைஸ்கூலில் படித்தான். அவனுக்கு இரண்டு வயது இளையவளான என்னை, வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அறுப்பு முடிந்த நாட்களில் களத்தில் காயும் நெல்லுக்குக் குருவி விரட்டுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் அல்ஜீப்ரா புத்தகத்தோடு அங்கே வந்து உட்காருவான். புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. அவன் வாசித்துத் தமிழில் சொல்வான். நான் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் போட்டுப் பார்ப்பேன். அவன் நோட்டைப் புரட்டிப் புரட்டியே நான் அதைக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதை அவனுக்கே சொல்லிக் கொடுத்தேன். வீட்டில் யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. பிள்ளைகள் ஏதோ விளையாடுகின்றன என்று நினைத்தார்கள்.

"ஏத்தா, ஒரு சம்சாரி வீட்டுல ஆடும் கோழியுமா முப்பது உருப்படி கெடக்கு. காலை எண்ணுனா எம்பத்தி நாலு. ஆடு எத்தனை, கோழி எத்தனை?"

புத்தகத்தில் அந்த விவசாயியும் இருக்கமாட்டான், வீடும் இருக்காது. அதெல்லாம் அண்ணன் சேர்ப்பது. சேர்த்துவிட்டு அதிலேயே மாட்டிக்கொள்வான்.

"காலை எண்ணத் தெரிஞ்சவனுக்கு ஆடு எது கோழி எதுன்னு தெரியாதாக்கும்?" என்று கேட்பான்.

"அவன் கெடக்கான்ணே. ஆடு எத்தனைன்னு நமக்குத் தெரியல. அதை எக்ஸ்னு வச்சுக்க. அப்ப கோழி எத்தனை?"

"தெரியாதுல்ல?"

"முப்பதுல எக்ஸ் போக மிச்சம். ஆட்டுக்கு நாலு கால், கோழிக்கு ரெண்டு கால். ரெண்டையும் கூட்டு."

மண்ணில் எழுதுவேன்: 4x + 2(30 – x) = 84. அங்கிருந்து அவனே வேகமாகப் போய்விடுவான். இரண்டு எக்ஸ் இருபத்து நான்கு, எக்ஸ் பன்னிரண்டு. ஆடு பன்னிரண்டு, கோழி பதினெட்டு. முடித்ததும் என்னை ஒரு பார்வை பார்ப்பான். தன்னை யாரோ ஏமாற்றிவிட்டது போன்ற பார்வை.

சமன்பாடு என்றால் என்ன என்று அவனுக்குப் புரியவைக்க எனக்குப் பொதிமாடுதான் கைகொடுத்தது. கம்பத்திலிருந்து குமுளி மலைக்கு அரிசி ஏற்றிப் போகும் மாடுகளை இருவரும் பார்த்திருக்கிறோம். இரண்டு பக்கமும் ஒரே எடை இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஒரு படி எடுத்தால் மறுபக்கமும் ஒரு படி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பொதி சரிந்துவிடும். அது அவனுக்கு உடனே பிடிபட்டது. ஆனால் கதையைப் பொதியாக ஏற்றுவதுதான் கடைசிவரை கைவரவில்லை.

இன்னொரு நாள் இன்னொரு கணக்கு. இருபத்தெட்டு மைல் இடைவெளியில் உள்ள இரண்டு ஊர்களிலிருந்து இரண்டு பேர் ஒரே நேரத்தில் எதிரெதிராகப் புறப்படுகிறார்கள். ஒருவன் மணிக்கு நான்கு மைல், மற்றவன் மூன்று மைல். எப்போது சந்திப்பார்கள்? அண்ணன் அந்த ஊர்களைக் கம்பம் என்றும் தேனி என்றும் மாற்றிக்கொண்டான். நான்கு மணி நேரம் என்று நான் விடை சொன்னேன்.

"சந்திச்சு என்ன பேசுனாகளாம்?"

"அது கணக்குல இல்லண்ணே."

"நாலு மணி நேரம் நடந்து வந்துருக்காக புள்ள. ஒண்ணுமே பேசாமயா போவாக?"

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. நிஜமாகவே அவனுக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது.

அண்ணன் கடைசிப் பரீட்சை எழுத வேண்டிய வருஷம், எனக்குச் சின்னமனூர்ப் பக்கம் ஒரு மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமலேயே அந்தப் பரீட்சையைத் தனியாக எழுதலாம் என்று அண்ணனின் வாத்தியார் எப்போதோ சொல்லியிருந்தார். அதை அண்ணன் என்னிடம் சொன்ன நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. அய்யாவிடம் நேரில் பேச எனக்குத் துணிச்சல் கிடையாது. எங்கள் வீட்டில் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அவர் முன்னால் நின்று பேசக்கூடியவன் அண்ணன் ஒருவன்தான்.

"ஒரு வருசம் தள்ளிவைக்கச் சொல்லுண்ணே. நான் பரீச்சை எழுதணும்."

"சொல்றேத்தா."

அன்று சாப்பாட்டு நேரத்தில் நான் கதவோரம் நின்றேன். அய்யா சாப்பிட்டார். அண்ணன் சாப்பிட்டான். மடை திருப்புவது பற்றி ஏதோ பேசினார்கள். அண்ணன் ஒருமுறை என் பக்கம் பார்த்தான். பிறகு சோற்றைப் பார்த்தான். கை கழுவிவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் களத்துக்குப் புத்தகத்தோடு வந்தான். பரீட்சைக்கு இன்னும் மூன்று நாள்.

"ஏத்தா, இந்தப் பின்னக் கணக்கு மட்டும் சொல்லிக் குடு. நெலத்துல மூணுல ஒரு பங்கு நெல்லு, நாலுல ஒரு பங்கு கரும்பு, மிச்சம் பத்து ஏக்கர் வாழை. மொத்தம் எத்தனை ஏக்கர்? பங்கை எப்படி எழுதணும்?"

எனக்கு அது தெரியும். பன்னிரண்டால் எல்லாவற்றையும் பெருக்கிவிட்டால் பின்னம் ஓடிவிடும். ஐந்து எக்ஸ் நூற்றிருபது, எக்ஸ் இருபத்து நான்கு. சொல்ல அரை நிமிஷம் போதும்.

"ஒன் பரீச்சை. நீயே பாத்துக்க" என்றேன்.

"கோவமா?"

நான் குருவியை விரட்டப் போனேன். திரும்பி வந்தபோதும் அவன் அங்கேயே இருந்தான். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, நான் வழக்கமாக எழுதும் இடத்தில் குச்சியால் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தான். நான் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்தேன். அந்த மூன்று நாளும் இப்படியே போயின.

பரீட்சையில் அதே மாதிரிக் கணக்கு ஒன்று வந்தது. சமன்பாடு எழுதத் தெரியாமல், விடை இதுவாக இருக்குமோ அதுவாக இருக்குமோ என்று ஒவ்வோர் எண்ணாகப் போட்டுப் பார்த்திருக்கிறான். கடைசியில் விடை சரியாகவே வந்துவிட்டதாம். ஆனால் அதற்குள் நேரம் போய்விட்டது. கடைசிப் பக்கத்தை அவன் திருப்பிப் பார்க்கவே இல்லை. மற்ற எல்லாப் பாடத்திலும் தேறி, கணக்கில் மட்டும் ஏழு மார்க் குறைந்து தவறிப்போனான்.

என்னை அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அய்யாவும் திட்டவில்லை, "சரி, வயலைப் பாரு" என்றார், அவ்வளவுதான். அதுதான் அவனை வாட்டியது என்று நினைக்கிறேன். ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்துவிட்டான் என்று எல்லோரும் பேசிய சமயம் அது. ஒரு நாள் மதுரைக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பினான். பட்டாளத்தில் சேர்ந்துவிட்டு, உடுத்திப் போன வேட்டி சட்டையைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பினான். அம்மா அந்தப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு, மடியில் வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

ரோடும் பாலமும் போடுகிற பிரிவில் அவனை வைத்திருந்தார்கள். இரண்டு கடிதங்கள் வந்தன. முதல் கடிதத்தில், "இங்கன நெதமும் கணக்குத்தான். ஜல்லி எவ்வளவு, ஆளு எத்தனைன்னு என்னையக் கேக்குறாக. நீ சொல்லிக் குடுத்த மாதிரி எழுதிப் போட்டுர்றேன்" என்று பேசுவது போலவே எழுதியிருந்தான். இரண்டாவது கடிதத்தில் எனக்கென்று ஒரு கணக்கு எழுதியிருந்தான். அவனாகவே உண்டாக்கிய கணக்கு. ஆனால் பட்டாளத்தில் கடிதங்களைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். ஆற்றையும் தூரத்தையும் ஆட்களையும் வைத்து எழுதியிருப்பான் போலிருக்கிறது. ஏதோ ரகசியம் என்று நினைத்து அந்த இடத்தைக் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டார்கள். மேலே "ஏத்தா, இதைப் போட்டுப் பாரு" என்ற வரி இருந்தது. கீழே "எனில் எத்தனை நாள் ஆகும்?" என்று இருந்தது. நடுவில் சதுரமாக ஓர் ஓட்டை.

வெட்டிய இடத்தில் என்ன இருந்தது என்று கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை.

அதற்குப் பதிலாக ஒரு சர்க்கார்க் காகிதம் வந்தது. இங்கிலீஷில் இருந்தது. வீட்டில் அதை எழுத்துக்கூட்டியாவது படிக்கக்கூடியவள் நான்தான். அண்ணனின் புத்தகத்திலிருந்து பொறுக்கிய இங்கிலீஷ்தான் எனக்கு. இரண்டு தடவை வாசித்தேன். அய்யா மண்வெட்டியைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

"செத்துட்டான்னு எழுதியிருக்கா?"

"இல்லய்யா. காணலைன்னு எழுதியிருக்கு."

"காணலைன்னா தேடுறாகளா?"

"அது எழுதலைய்யா."

"நல்லாப் பாரு."

மறுபடியும் பார்த்தேன். தேடுகிறார்கள் என்று ஒரு வார்த்தை அதில் எங்கேயும் இல்லை.

அண்ணன் பட்டாளத்துக்குப் போனதிலிருந்து தள்ளிப்போய்க்கொண்டிருந்த கல்யாணத்துக்கு, அவன் வராமல் பந்தக்கால் ஊன்றக்கூடாது என்று அம்மா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு வருஷம் பொறுத்தார்கள். பிறகு வேறு இடத்தில் பெண் எடுத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் திரும்பத் தொடங்கிய பிறகு, கூடலூர்க்காரர் ஒருவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். அண்ணனோடு ஒரே கூடாரத்தில் இருந்தவர். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார்.

"காச்சல்தாங்க. மழையில ரோடெல்லாம் அடிச்சுட்டுப் போயிருச்சு. தூக்கிட்டு நடந்தோம். ஆத்தைத் தாண்டுறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. அங்கனயே அடக்கம் பண்ணிட்டோம். பேரு எழுதி வைக்கக்கூட நேரமில்ல. எல்லாரும் ஓடிக்கிட்டு இருந்தோம்."

அம்மா உள்ளே போய்விட்டாள். அய்யா மட்டும் கேட்டார்: "சாப்புட்டானா, அன்னைக்கு?"

"கஞ்சி குடிச்சாக."

அய்யா தலையாட்டினார். அந்த ஒரு தகவல் அவருக்குப் போதும் போலிருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சில வாரங்கள் போயிருக்கும். அண்ணனின் டிரங்குப்பெட்டியை அய்யா தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். புத்தகங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன.

"பரீச்சை எழுதணும்னு ஒனக்கு ஆசைன்னு அவன் பட்டாளத்துல இருந்து எனக்கு எழுதியிருந்தான். நான் அப்பச் சொல்லல. எழுதுத்தா."

அண்ணன் வாய் திறந்து கேட்க முடியாததை எழுதிக் கேட்டிருக்கிறான். கேட்டும் கிடைக்காதது, அவன் இல்லாமல் போனபின் எனக்குக் கிடைத்தது. பெட்டியைத் திறந்தேன்.

உத்தமபாளையத்தில்தான் எழுதினேன். கணக்குப் பரீட்சையன்று கதைக்கணக்குகள் நான்கு இருந்தன. ஒவ்வொன்றையும் வாசிக்கும்போது அதற்குள் ஓர் ஊரும் ஆட்களும் வந்து நின்றார்கள். அவர்களைத் தள்ளிவிட்டு எக்ஸ் எழுத எனக்கு முதல்முறையாகக் கஷ்டமாக இருந்தது. எழுதி முடித்தேன். நேரம் மீதியிருந்தது.

அய்யா வண்டியோடு வெளியே காத்திருந்தார்.

"எல்லாம் வந்துச்சா?"

"வந்துச்சுய்யா."

வண்டி ஊரைத் தாண்டியதும், ஐந்து வருஷமாக உள்ளே வைத்திருந்ததைச் சொன்னேன். "அய்யா, அண்ணே பரீச்சைக்கு முந்தி ஒரு கணக்குக் கேட்டுச்சு. எனக்குத் தெரியும். கோவத்துல சொல்லிக் குடுக்கல. அதான் அண்ணனுக்குப் பரீச்சை போச்சு."

மாடுகள் போய்க்கொண்டிருந்தன. வாய்க்கால் பாலத்தருகே அய்யா வண்டியை நிறுத்தினார்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்றார்.

நுகத்தடிக் கயிற்றை அவிழ்த்து, இரண்டு மாடுகளையும் வாய்க்காலுக்கு ஓட்டிக்கொண்டு இறங்கினார். மாடுகள் குடித்து முடித்து வெகுநேரம் ஆன பிறகும் அவர் மேலே வரவில்லை. நான் வண்டியில் உட்கார்ந்தபடி வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முதுகைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.