அவனுக்குக் குட்டிகளே கிடையாது

மலேசியாவின் கிள்ளானில் நானும் என் தோழியும் சேர்ந்து ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்கள் வளர்த்துக் கண்காட்சிகளுக்குக் கொண்டுபோவோம். செராஸில் நடந்த ஒரு கண்காட்சியில் என் ஆண் நாய்க்கு முதல் பரிசு கிடைத்தது. உடனே அவனைப் பெண் நாய்களோடு சேர்க்கக் கேட்டுப் பலர் போன் செய்தார்கள். நான் முதலில் அவன் இடுப்பை எக்ஸ்ரே எடுக்கவைத்தேன். மூட்டு சரியில்லை, குட்டிகளுக்கும் வரலாம், இவனை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள் என்றார் டாக்டர்.

கிளினிக் வாசலிலேயே தோழி ஆரம்பித்தாள். “கப் ஜெயிச்ச நாய்டி. எக்ஸ்ரேய யாரு கேக்கப் போறா? பேசாம இரு லா.”

நான் திருப்பிக் கேட்டேன். “நாளைக்கு அந்தக் குட்டி பின்னங்கால இழுத்துக்கிட்டு நடந்தா, வாங்கினவங்களுக்கு நீ பதில் சொல்வியா?”

“எல்லாரும் இப்படித்தானே செய்றாங்க!”

நான் திரும்பி உள்ளே போய், அவனுக்குக் கருத்தடை செய்ய நாள் குறித்தேன். அன்றோடு எங்கள் கூட்டு முறிந்தது.

போன வாரம் அவளுடைய குட்டி விற்பனை விளம்பரத்தை ஃபேஸ்புக்கில் பார்த்தேன். என் நாயின் படத்தைப் போட்டு, ‘அப்பா சாம்பியன்’ என்று எழுதியிருந்தாள். எக்ஸ்ரே படத்தையும் ஒரு வருடத்துக்கு முன்பே கருத்தடை செய்த விஷயத்தையும் அதன் கீழேயே போட்டேன். அழித்துவிட்டாள். மறுபடியும் போட்டேன்.