இருபத்திரண்டு டிகிரியில் ஒரு நேர்கோடு

அலுவலகத்தில் அவருக்கு 'வளைகோட்டம்மா' என்று பெயர். பேட்டரி சார்ஜர் பெட்டிகளுக்குள் இருக்கும் கம்பிச் சுருளைச் செய்வதற்கு முன்பே கணினியில் ஓட்டிப் பார்ப்பது அவர் வேலை. பதினொரு வருடமாக அதே மேசை, ஒரு கை ஆடும் அதே நாற்காலி.

சுருளின் நடுவே ஃபெரைட் கோர் என்ற காந்தக் கட்டை ஒன்று இருக்கும். மின்னோட்டம் கூடக்கூட அதில் காந்தம் ஏறும். ஓரளவுக்கு மேல் ஏறாது. நிரம்பிய குடம்தான். அதன் பிறகு மின்னோட்டம் கட்டவிழ்ந்து பாயும். கோர் சூடானால் குடமே சிறுத்துப்போகும். இந்தத் தெவிட்டுநிலையை அவர் வளைகோடாக வரைந்து கணக்கில் சேர்த்திருந்தார்.

மேலாளருக்கு வளைவு ஆகாது.

"என்னம்மா, கோடு கடைசியில தலைகுனிஞ்சு நிக்குது? கஸ்டமர் என்ன நெனப்பாரு?"

"கோர் நெரம்பிடுது சார். பெட்டிக்குள்ள நூறு டிகிரி வரும், அப்ப இன்னும் சீக்கிரமா..."

"நூறா? நம்ம ஏசி இருபத்திரண்டு. கம்ப்யூட்டரும் இதே ரூம்லதான இருக்கு? இருபத்திரண்டே போடுங்க. கோட்டையும் நேராக்குங்க."

வீட்டில் கணவரிடம் புலம்பினார். அவர் பேருந்து ஓட்டுநர்.

"எழுதி வாங்கிக்கோ. பிரேக் சரியில்லைன்னா நான் அதைத்தான் செய்வேன்."

மறுநாள் மேலாளரிடம் மின்னஞ்சலில் கேட்டார். 'நேர்கோடே போதும், 22 டிகிரி' என்று மேலாளர் பதில் போட்டார், கூடவே ஒரு சிரிப்பு முகம்.

வாடிக்கையாளர் வந்த அன்று, அந்த நேர்கோட்டை நம்பிச் செய்த பெட்டி கால் மணி நேரம் சமர்த்தாக ஓடியது. அதற்குள் மேலாளர் இரண்டு முறை கைதட்டல் வாங்கிவிட்டார். பிறகு சுருள் கிறீச்சிட்டது. 'பட்'டென்று ஒரு சத்தம், அப்புறம் புகை.

"ஏம்மா, கம்ப்யூட்டர்ல வெடிக்கலையே?"

"அங்க ஏசி இருந்துச்சே சார்."

வாடிக்கையாளர் மட்டும் சிரித்தார்.

விசாரணைக் குழு அமைத்தார்கள். தலைவர் மேலாளரேதான். 'பெட்டியின் வெப்பநிலை ஒத்துழைக்கவில்லை' என்று எழுதி முடிக்கப் போனார். வளைகோட்டம்மா அந்த மின்னஞ்சலை அச்செடுத்துக் குழுவின் முன் வைத்தார். சிரிப்பு முகம் வண்ணத்திலேயே அச்சாகியிருந்தது. அறிக்கை அப்படியே கிடப்பில் போடப்பட்டது.

வாடிக்கையாளர் வளைகோட்டை வாங்கிப் பார்த்தார். பெரிய கோர் போடச் சொன்னார். இனி அந்த அம்மாள் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டியும் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது மேலாளர் கோப்பும் கையுமாக வளைகோட்டம்மா மேசை முன் வந்து நிற்கிறார்.

"கொஞ்சம் சீக்கிரம் போட்டுக் குடுங்கம்மா."

"உக்காருங்க சார். கம்ப்யூட்டர்ல இப்பதான் சூடு ஏறுது."