கலங்கரை விளக்கம் எந்த நாட்டில் இருக்கிறது?

போன மாதம் ஒருநாள் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டது.

'மன்னிக்கவும். உங்கள் பிராந்தியத்தில் இந்தப் பொருளை விற்பதில்லை.'

இங்கிலீஷில்தான் சொன்னது. நான் எழுத்துக் கூட்டிப் படித்து, போனில் போட்டுத் தமிழாக்கி, மறுபடி ஒருமுறை படித்தேன். அதேதான்.

கடைக்காரன் முகத்துக்கு நேரே 'உனக்குத் தர மாட்டேன்' என்றால் சண்டையாவது போடலாம். கம்ப்யூட்டரிடம் யாரைக் கூப்பிட்டு நியாயம் கேட்பது?

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வருகிற ஆள் நான். லிஃப்டில் ஏறினால் தலைகளை எண்ணுவேன். என்னிடம் போய் 'உங்கள் பிராந்தியத்தில்...' என்று இழுத்தால்?

இருங்கள், விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன்.

என் மனைவி ஸ்டெல்லா வீட்டிலேயே ப்ளவுஸ் தைக்கிறாள். போன வருஷம் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மிஷின் ஒன்று வாங்கினாள். ரெடிமேட் டிசைனை பென் டிரைவில் செருகினால் போதும், மிஷின் தானாகத் தைத்துத் தள்ளிவிடும். மயில், அன்னம், யானை, தாமரை... மாமல்லபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் நடக்கிற கல்யாணங்களில் ஸ்டெல்லாவின் மயில் ஏறாத முதுகு குறைவு.

அப்போதுதான் பிரீத்தி வந்தாள். படூர் பெண். ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. கல்யாணம் நிச்சயமாகி, ரிசப்ஷன் ப்ளவுஸுக்காக வந்திருந்தாள்.

"மயில் வேணாம்க்கா. எல்லார் முதுகுலயும் அதான் இருக்கு."

"அன்னம்?"

"அதுவும் வேணாம்."

"அப்ப இன்னாதான் வேணும், நீயே சொல்லு."

பிரீத்தி போனில் ஒரு போட்டோவைக் காட்டினாள். எங்கள் ஊர் மாமல்லபுரத்து லைட்ஹவுஸ். மாப்பிள்ளையை முதன்முதலில் பார்த்தது அங்கேதானாம். பாதிப் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்திருந்தாராம். இவள் தண்ணி பாட்டிலைக் கொடுத்தாளாம். அவர் முழுசாகக் குடித்துவிட்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாராம்.

"அப்பவே தெரிஞ்சு போச்சுக்கா, இவன்தான்னு."

காலி பாட்டிலில் காதல் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. ஸ்டெல்லாவுக்குப் புரிந்துவிட்டது. "குடு அந்த போட்டோவ" என்றாள்.

மயில் ஆயிரம் கிடைக்கும். எங்கள் லைட்ஹவுஸ் எந்த பென் டிரைவில் கிடைக்கும்? நாமேதான் வரைய வேண்டும். வரைந்ததைத் தையலாக மாற்றுவதற்கு ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது. ஸ்டெல்லா அதை இலவச ட்ரயலில் இறக்கினாள். யூட்யூபைப் பார்த்துப் பார்த்து, கல் கல்லாக, ஜன்னல் ஜன்னலாக வரைந்து முடித்தாள்.

இத்தனை நாள் யாரோ வரைந்த மயிலைத் தைத்துக்கொண்டிருந்தவள் அவள். தன் கையால் வரைந்தது இதுதான் முதல். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். பால்காரர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

தைக்கலாம் என்று உட்கார்ந்த அன்றைக்கு ட்ரயல் முடிந்துவிட்டது. படம் உள்ளே மாட்டிக்கொண்டது. காசு கட்டினால்தான் பூட்டு திறக்கும். கல்யாணமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

"நீ போய்த் துணியை வெட்டு. சாஃப்ட்வேரை நான் வாங்கித் தரேன்" என்று வீரமாகச் சொன்னது நான்தான். பிரீத்தி ஏற்கெனவே விசாரித்துச் சொல்லியிருந்தாள். இந்தியாவுக்கென்று தனி விலை உண்டாம், ஒரு கிரைண்டர் வாங்குகிற காசுதான் ஆகுமாம்.

பேர் கேட்டது, போட்டேன். விலாசம் கேட்டது, போட்டேன். நாடு கேட்டது. ஒரு நீளமான பட்டியல் தொங்கியது. நல்லவேளையாக, கொஞ்சம் இறங்கியதுமே 'இந்தியன்' என்று கண்ணில் பட்டது. அதற்கு முன்னாலும் பின்னாலும் வேறு என்னென்னவோ இருந்தது. அரசாங்கத்தில் வைக்கிற பேர் நீளமாகத்தானே இருக்கும்? அழுத்தினேன்.

டாலரில் ஒரு விலை வந்தது. ரூபாயாக்கிப் பார்த்தேன். கிரைண்டர் இல்லை... ஸ்கூட்டர். ஹெல்மெட்டும் சேர்த்து.

சரி, மேலே என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று அடுத்த பட்டனை அழுத்தினால், அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னது. உங்கள் பிராந்தியத்தில் விற்பதில்லை. ஆக, ஸ்கூட்டர் விலை கொடுத்தாலும் கிடையாது.

நம்ம பிராந்தியத்துக்கு என்ன குறை? யோசித்தேன். யோசிக்கத் தொடங்கினால் எனக்கு ஒரு எல்லை உண்டா?

பக்கத்தில் கல்பாக்கம். அணுமின் நிலையம். இந்த ஏரியாவுக்கு சாஃப்ட்வேரே தரக்கூடாது என்று வெளிநாட்டில் யாராவது முடிவு பண்ணியிருப்பார்களோ? அணுபுரம் டவுன்ஷிப்பில் எனக்குத் தெரிந்த ஒரு சார் இருக்கிறார். போன் போட்டேன்.

"சார், உங்க பக்கம் சாஃப்ட்வேர்லாம் விக்கிறாங்களா?"

"விக்கிறாங்களாவா? என் பையன் வாராவாரம் கேம் வாங்கி என்னைக் காலி பண்ணிட்டிருக்கான். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான் சார்."

அப்படியென்றால் பிரச்சினை பிராந்தியத்தில் இல்லை. என்னிடம்தான். என் பேர் எந்த லிஸ்டில் போய் மாட்டிக்கொண்டதோ... அன்றைக்கு நாஸ்தா இறங்கவில்லை.

ஐந்து ரதத்துக்குப் போகிற வழியில் என் தொப்பிக் கடை. பக்கத்தில் துரையின் பாசிமணிக் கடை. விஷயத்தைச் சொன்னேன். துரை அசரவே இல்லை.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு வந்தே? நான் தெனம் பண்றதத்தான் அது பண்ணுது அண்ணாத்த."

"நீ இன்னா பண்றே?"

"விச் கன்ட்ரின்னு கேக்கறேன்ல. அதுக்கப்பறம்தானே ரேட்டு."

உண்மைதான். துரையிடம் ஒரு பாசிமணிக்கு ஒரு விலை கிடையாது. ஜெர்மனிக்கு ஒன்று, ஜப்பானுக்கு ஒன்று, பெங்களூருக்கு ஒன்று, சேலத்துக்கு ஒன்று. ஒருநாள் செக்கச்செவேல் என்று ஆறடியில் ஒருத்தர் வந்தார். துரை ஜெர்மனி விலையைச் சொன்னான். அவர் நிதானமாக, "அண்ணே, நான் பாண்டிச்சேரில இருவது வருஷமா இருக்கேன். பாத்துப் போட்டுக் குடுங்க" என்றார். துரை சேலத்துக்கும் கீழே இறங்கிவிட்டான்.

"மூஞ்சியப் பாத்து ஏமாந்துட்டேன். இனிமே ரேஷன் கார்டத்தான் கேக்கணும்" என்று புலம்பினான்.

இதைக் கேட்டால் ஸ்டெல்லாவுக்கு ஆகாது. "ஊரப் பாத்து வெல சொல்றவன் உருப்படுவானா" என்று துரையை நேருக்கு நேராகவே திட்டுவாள். "அண்ணி, ரதத்தப் பாக்கறதுக்கே நம்மாளுக்கு ஒரு டிக்கெட்டு, வெளிநாட்டாளுக்கு ஒரு டிக்கெட்டு. கவர்மெண்டையும் திட்டு" என்பான் அவன்.

அன்றைக்குத் தொப்பிகளைத் தூசி தட்டிக்கொண்டே யோசித்தேன். சாஃப்ட்வேருக்கு எடை கிடையாது. கப்பலில் வருவதில்லை, லாரியில் ஏறுவதில்லை. அமெரிக்காவுக்கு அனுப்பினாலும் அச்சரப்பாக்கத்துக்கு அனுப்பினாலும் ஒரே செலவுதான். பிறகு எதற்கு ஊருக்கு ஒரு விலை?

அங்கே விற்கிற விலைக்கு இங்கே விற்றால் யார் வாங்குவார்கள்? எல்லாரும் திருட்டு காப்பியைத் தேடிப் போவார்கள். அதனால் இங்கே குறைத்து விற்கிறான். குறைத்து விற்றால் அங்கே இருப்பவன் இங்கே வந்து வாங்கிவிடுவானே? அதனால் நடுவில் ஒரு வேலி போடுகிறான். இந்த ஊர் கார்டு இருந்தால்தான் வாங்கலாம், இந்த ஊரில்தான் திறக்கும் என்று.

துரையும் அப்படித்தான். சேலத்துக்காரர் பக்கத்தில் நிற்கும்போது ஜெர்மன்காரருக்கு விலை சொல்லவே மாட்டான். தொண்டை சரியில்லாத மாதிரி இருமிக்கொண்டு நிற்பான். அதுதான் அவனுடைய வேலி.

எல்லாம் சரி. எனக்கு ஏன் வேலி?

"வேற நாட்டுல கீற மாதிரி காட்டறதுக்கு ஒண்ணு கீதாம். எறக்கிப் போட்டுக்கோ" என்றான் துரை.

"மாட்டிகினா?"

"மாட்டிகினா இன்னா, நாடு கடத்துவானா? எங்கேர்ந்து கடத்துவான்? நீதான் எந்த நாட்டுலயும் இல்லியே."

துரைக்கு அது ஜோக். எனக்கு அது சாயங்காலம் வரைக்கும் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

வீட்டுக்குப் போனால் ஸ்டெல்லா பிரீத்தியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"லைட்ஹவுஸு வராது போலம்மா. உள்ள பூட்டிகினு கீது, தொறக்க மாட்டேங்குது... மயிலே போட்டுடலாமா? நல்லா பெருசா, கல்லு வெச்சுத் தரேன்... இல்ல வேற எங்கனா குடுக்கறதுன்னாலும் குடு, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். துணிய இன்னும் வெட்டல."

வெட்டச் சொன்னேனே, வெட்டவில்லையா என்று நான் கேட்கவில்லை. பால்காரரையே உள்ளே கூப்பிட்டுக் காட்டியவள், அன்றைக்குக் கம்ப்யூட்டர் மேல் துப்பட்டாவைப் போட்டு மூடி வைத்திருந்தாள். எனக்கு அதைத்தான் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை காலையில் வாசலில் ஸ்கூட்டி சத்தம். பிரீத்தி. துணியைத் திருப்பி வாங்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஸ்டெல்லாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். பீரோவைத் திறந்தாள்.

"அது இருக்கட்டும்க்கா. என்ன சொல்லுதுன்னு நான் பாக்கறேன்" என்று பிரீத்தி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பார்த்தாள். பக்கத்தில் குனிந்து பார்த்தாள். அப்புறம் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா... நீங்க எந்தத் தீவுல இருக்கீங்க?"

"தீவா?"

"நாடுன்னு கேட்ட எடத்துல பிரிட்டிஷ் இந்தியன் ஓஷன் டெரிட்டரின்னு போட்டிருக்கீங்க."

"நம்ம நாடுதானேம்மா."

"இல்லண்ணா. அது நடுக்கடல்ல இருக்கற தீவு. பிரிட்டிஷ்னு போட்டிருக்கே, பாக்கலியா?"

"பாத்தேன். பழைய பேரு, மாத்தாம வுட்டுட்டாங்கன்னு நெனச்சேன்."

"சரி, ஓஷன்?"

நான் பின்பக்கக் கதவைக் காட்டினேன். அது வழியாக எப்போதும் போலக் கடல் தெரிந்தது.

பிரீத்தி மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றே நினைத்துப் பயந்துவிட்டேன்.

"யோவ்" என்றாள் ஸ்டெல்லா. "அது வங்காள விரிகுடாய்யா. இதுகூடத் தெரியாதா?"

ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கள் வாத்தியார் இந்தியப் பெருங்கடலை எட்டாம் வகுப்புக்கு வைத்திருந்தார் போலிருக்கிறது.

பிரீத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டியலை இன்னும் கீழே இறக்கினாள். 'இந்தியா' என்று வெறுமனே, ஒற்றை வார்த்தையாக, சாதுவாக உட்கார்ந்திருந்தது. இவ்வளவு சின்னதாக எழுதியிருந்தால் யார் கண்ணில் படும்?

அதை அழுத்தியதும் இன்னொரு கேள்வி வந்தது. நாட்டை ஒருமுறை மாற்றிவிட்டால் ஒரு வருஷத்துக்கு மறுபடி மாற்ற முடியாது, நிச்சயம்தானா?

பிரீத்தி மௌஸை என் பக்கம் தள்ளினாள். நிச்சயம்தானா என்று யாராவது கேட்டால் எதிலும் நிச்சயமில்லாமல் போகிறவன் நான்.

"பொறந்ததுலேர்ந்து இங்கதானே கீறே" என்றாள் ஸ்டெல்லா. "அழுத்து."

அழுத்தினேன். டாலர் மறைந்து ரூபாய் வந்தது. ஸ்கூட்டர் இருந்த இடத்தில் கிரைண்டர். இந்திய வங்கி கார்டு மட்டும்தான் செல்லும் என்றது. என்னிடம் இருந்ததே அது ஒன்றுதான். ஓ.டி.பி. வந்தது. பூட்டு திறந்தது.

ஸ்டெல்லா துப்பட்டாவை உதறிக் கொடியில் போட்டாள். கத்தரியை எடுத்தாள். துணியில் அது ஓடின சத்தம் இருக்கிறதே... எனக்கு அன்றைக்கு அதைவிட நல்ல பாட்டு வேறில்லை.

மிஷின் பகல் பூராவும் டகடகவென்று ஓடியது. கல்லுக்குச் சாம்பல் நூல், கடலுக்கு நீலம், உச்சியில் விளக்குக்கு மஞ்சள். சாயங்காலம் பார்த்தால் எங்கள் லைட்ஹவுஸ் பட்டுத் துணியில் நிமிர்ந்து நின்றது. துரை வந்து பார்த்துவிட்டு, "அண்ணி, ஏறிப் பாக்க டிக்கெட்டு எவ்ளோ?" என்று கேட்டான்.

ரிசப்ஷனில் பிரீத்தியை முன்பக்கமாக யாருமே போட்டோ எடுக்கவில்லை. "திரும்பும்மா, திரும்பும்மா" என்று எல்லாரும் முதுகைத்தான் கேட்டார்கள். மாப்பிள்ளையும் பார்த்தார். பார்த்தவர் சட்டென்று குனிந்து, இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார். லைட்ஹவுஸ் வாசல்படியில், கட்டைவிரல் நகத்தளவுக்கு, ஒரு காலி தண்ணி பாட்டில். ஸ்டெல்லா அதை யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட. மாப்பிள்ளை மேடையிலேயே வாய்விட்டுச் சிரித்தார். பிரீத்திக்கு ஏன் சிரிக்கிறார் என்று தெரியவில்லை. போட்டுக்கொண்ட அவசரத்தில் அதைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது; இப்போது பாவம், அவள் முதுகை அவளே எப்படிப் பார்ப்பாள்? அவர் போனில் படம் பிடித்துக் காட்டினார். அப்புறம் அவளும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர, மை கலைய, அப்படியொரு சிரிப்பு.

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் பிரியாணியை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து பிரீத்தியின் ஆபீஸ் தோழி ஒருத்தி ஓடி வந்தாள். ஊரப்பாக்கத்துப் பெண். அவளுக்கும் கல்யாணமாம். மாப்பிள்ளையைப் பார்த்தது ஊரப்பாக்கம் ஸ்டேஷனில், மின்சார ரயிலுக்கு நிற்கும்போதாம். அந்த மஞ்சள் போர்டை அப்படியே ப்ளவுஸ் முதுகில் போட முடியுமா? கல்யாணத்தை முடித்துக்கொண்டு நேராக லண்டன் போகிறார்களாம்.

"எவ்ளோக்கா ஆகும்?"

ஸ்டெல்லா நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஊரப்பாக்கம் ரேட்டு சொல்லவா, லண்டன் ரேட்டு சொல்லவா?"