ஆடாத பார்வை

மாமல்லபுரத்தில் மூன்று நாள் நடந்த 'ஆடாத பார்வை' முகாம் முடிந்து, பயிற்சியாளரும் நானும் கோவளம் பேருந்தில் ஏறியிருக்கிறோம். இருவருக்கும் ஜன்னலோர இடம். சாலையோரச் சவுக்கு மரங்கள் வேகமாக ஓடுகின்றன. முகாமில் சொல்லித்தந்தபடி, கண்ணை அசைக்காமல் அவற்றைப் பார்த்து வருகிறேன். சான்றிதழ் மடியில் இருக்கிறது.

எதிர் இருக்கையில் காலிக் கூடையோடு உட்கார்ந்திருக்கும் மீன்காரம்மா என்னையே கவனிக்கிறார்.

"இன்னா சார், மரத்த அப்டி மொறச்சிகினு வர்ற?"

"கண் ஆடாம பார்க்கப் பழகுறேன்மா."

"நல்லா ஆடுது சார்! மரத்தோட பின்னால போவுது, வெடுக்குனு திரும்பி அடுத்த மரத்த புடிக்குது."

எனக்கு முகம் சுருங்கிவிடுகிறது. பயிற்சியாளர் வெளியே பார்த்தபடியே சொல்கிறார்: "இவருக்கு மனசு அடங்கலை. அடுத்த முகாமுக்கும் வரணும்."

மீன்காரம்மா அவர் பக்கம் குனிகிறார்.

"உனக்கும் அப்டியேதான் ஆடுது வாத்தியாரே. ஜன்னலாண்ட குந்தினா எல்லாருக்கும் ஆடும். தெனம் பாத்துகினுதான கீறேன்!"

பேருந்தே சிரிக்கிறது. பயிற்சியாளர் கண்களை இறுக மூடிக்கொண்டு, "இது அகப்பார்வை. மேல்நிலைப் பயிற்சி" என்கிறார். கோவளம் வந்தும் அவர் கண் திறக்கவில்லை. கையைப் பிடித்து நான்தான் படியிறக்குகிறேன்.