அப்பாவின் புதுப் பல்லும் ஆமை வடையும்

தாராவியில் எங்கள் வீட்டுத் தீபாவளிக் காலைப் பலகாரம் இட்லியும் ஆமை வடையும்தான். போன வருஷம் அப்பாவுக்கு வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. வடையைச் சாம்பாரில் ஊறப்போட்டு, கூழாக்கிக் கரண்டியால் விழுங்கினார். இந்த வருஷம் முழு செட் கட்டியாகிவிட்டது. பல் டாக்டரே, "அப் சப் குச் காவோ, பிந்தாஸ்", இனி எதையும் பயமில்லாமல் தின்னலாம் என்று சொல்லிவிட்டார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வடை என் பொறுப்பு என்று, நான் இப்போது இருக்கும் டோம்பிவிலியிலிருந்து முந்தின நாளே லோக்கல் ரயில் பிடித்து வந்துவிட்டேன். அப்பா கடிக்கிற சத்தத்தைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

விடியுமுன்பே கடலைப்பருப்பை ஊறப்போட்டேன். ஊறியதும் ஒரு பிடியை அரைக்காமல் எடுத்துவைத்துவிட்டு, மீதியைத் தண்ணீர் விடாமல், வற்றல் மிளகாயும் சோம்பும் சேர்த்து மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றினேன். அம்மா முதுகுக்குப் பின்னாலேயே நின்றாள்.

"ஏட்டி, கொஞ்சம் மையா அரைட்டி. அவரு பாவம்."

"அதுக்கு இட்லியே போதும்மா. ஆமவடைன்னா கடிக்கணும்."

"பல்லு கழண்டு கையில வந்திரும், பாத்துக்கோ."

"வந்தா திரும்ப மாட்டிக்கிடட்டும்."

அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எடுத்துவைத்த பருப்பையும் வெங்காயம், கறிவேப்பிலையையும் சேர்த்துப் பிசைந்து, ஓரம் மெலிசாகத் தட்டி எண்ணெயில் விட்டேன். தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே மாவாய் இருக்கும். நான் அவசரக்குடுக்கை. அன்றைக்கு மட்டும் எண்ணெயின் சலசலப்பு அடங்கும்வரை பொறுமையாக நின்றேன். முதல் வடை தட்டில் டக்கென்று விழுந்ததும் கரண்டியோடு குதித்தேன்.

அப்பா எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சட்டையும் பல்லும் மாட்டிக்கொண்டு, சந்தில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டதும் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பல்லைக் கழற்றித் தண்ணீர் டம்ளரில் போட்டார்.

"என்னப்பா, கழத்திட்டீய?"

"திங்கும்போது உடைஞ்சிட்டுன்னா? வெளிய போறதுக்குல்லா கெட்டுனது."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கத்தினால் மனுஷர் எழுந்து போய்விடுவார். அதனால் எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஒரு வடையை அவர் முகத்துக்கு நேரே கடித்தேன். மொறுக். இன்னொரு கடி. அப்பா சாம்பார்க் கிண்ணத்தைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார், எச்சில் விழுங்கினார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு டம்ளருக்குள் கையை விட்டார்.

கடித்தார். அந்த நேரம் பார்த்து எவனோ சந்தில் சரவெடியைப் பற்றவைத்தான். நான் காத்திருந்த சத்தம் கேட்கவே இல்லை. தாடை மட்டும் மெதுவாக அசைந்தது, பிறகு வேகமாக. வெடி ஓய்ந்தபோது இரண்டாவது வடையில் இருந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அவள் தன் வடையைச் சாம்பாரில் ஊறப்போட்டிருந்தாள்.

"ஒனக்குத்தான் பல்லு கெட்டியா இருக்கே, நீ ஏன் ஊறப்போடுத?"

"ஒரு வருஷமா அப்படித்தான் திங்கேன். நீங்க பாத்துக்கிட்டிருக்கையில நான் மட்டும் எப்படிக் கடிக்க?"

அப்பா தட்டிலிருந்து நல்ல மொறுமொறுப்பாக ஒன்றைத் தேடி எடுத்து அவளிடம் நீட்டினார். அம்மா கடித்தாள்.