ஆறு வருடம் பின்தங்கிய கணிப்பொறியும் காஜா மைதீன் சாரும்

அன்று காலை அல்லிநகரத்தில் எங்கள் வீட்டு வாசலில் அவரைக்காய் வாங்கிக்கொண்டிருந்தேன். உத்தமபாளையத்திலிருந்து காஜா மைதீன் சாரின் மனைவி நூர்ஜஹான் கைபேசியில் அழைத்தார். "டீச்சர், அவுக போயிட்டாக. காலையில தொழுதுட்டு வந்து உக்காந்தாக, அப்படியே சாஞ்சுட்டாக" என்றார். அவரே தொடர்ந்தார். "பதறி ஓடி வராதீக. மெதுவா வாங்க. யாரும் பதறுனா அவுகளுக்குப் பிடிக்காதுல்ல." அவரைக்காயை அப்படியே வைத்துவிட்டுப் பேருந்து ஏறினேன்.

அவரிடம் கணிப்பொறி படித்தவர்களுக்கும், அவரோடு ஆசிரியர் அறையில் தேநீர் குடித்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அவர் எப்படிப் பாடம் நடத்துவார் என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கு வெளியே அவர் செய்த ஒரு காரியத்தை, பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்ல நினைக்கிறேன்.

நான் கணக்கு ஆசிரியை. என் வகுப்புக்கு அடுத்த அறைதான் அவருடைய கணிப்பொறி ஆய்வகம். ஆங்கிலத்தில் மலைப்பாம்பைக் குறிக்கும் பைத்தான் என்ற கணிப்பொறி மொழி அவருக்கு மிகவும் பிடித்தது. "எழுதுனா ஓடணும் டீச்சர். ஓடலைன்னா எங்கன நிக்குதுன்னு அதுவே சொல்லணும். இது சொல்லும்" என்பார். ஆசிரியர் அறையில், "உங்க பாம்பு இன்னைக்கி எழுந்துருச்சா சார்?" என்று கேலி செய்வோம். "எந்திரிச்சிருச்சு, ஆனா நடக்குறதுதான் நம்ம ஆபீசு ஃபைலு மாதிரி" என்பார். அந்த மொழி மெதுவானது என்ற குறை அவருக்கும் இருந்தது.

அந்தக் குறை பெரிதாகத் தெரிந்தது வாய்க்கால் முறைக்கு அவர் நிரல் எழுதியபோதுதான். எங்கள் பக்கத்து வயல்களுக்கு முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். இரவு முறை யாருக்கும் பிடிக்காது. ஒருவருக்கே அடுத்தடுத்து இரவு முறை வந்தால் சண்டை. பாசனச் சங்கத்தார் கேட்டதால், எல்லோருக்கும் இரவும் பகலும் மாறி மாறி வரும்படி வரிசை போட அவர் ஒரு நிரல் எழுதினார். அது ஏராளமான வரிசைகளைப் போட்டுப் பார்த்து நல்லதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பள்ளியின் பழைய கணிப்பொறி திணறியது. அதனால் கணக்குப் பார்க்கும் பகுதியை மட்டும் தனிக் கோப்பாக எழுதினார். முதன்மை நிரல் அந்தக் கோப்பை அழைக்கும்போது, அது தானாகவே இயந்திர மொழிக்கு மாறிக்கொள்ளும். அதைத்தான் கம்பைல் ஆவது என்பார்கள். முதல் தடவை கொஞ்சம் நேரம் பிடிக்கும். பிறகு வேகமாக ஓடும்.

இதை என் வழக்கப்படி ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். அடுப்படியில் மிளகாய்ப் பொடி டப்பா இருக்கிறது. பக்கத்தில் மிளகாய் மூட்டை இருக்கிறது. பொடி வேண்டும் என்று கேட்டதும், வீட்டிலிருப்பவர் இரண்டின் மேலும் எழுதியிருக்கும் தேதியைப் பார்க்கிறார். பொடி அரைத்த பிறகு புது மிளகாய் வந்திருந்தால், முதலில் மில்லுக்குப் போய் அரைத்து வருகிறார். வராவிட்டால் டப்பாவில் இருப்பதையே எடுத்துத் தருகிறார். கேட்டவர் மில்லைப் பற்றி நினைக்கவே வேண்டாம். அந்த ஏற்பாடும் அப்படித்தான்: சார் எழுதும் கோப்பு மிளகாய், அது மாறி வரும் இயந்திர மொழிக் கோப்பு பொடி. கோப்பைத் திருத்தினால் போதும், அடுத்த முறை அழைக்கும்போது தானே புதிதாக மாற்றிக்கொள்ளும்.

ஒரு வருடம் தண்ணீர் தாமதமாக வந்தது. வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடையில் நாற்றங்கால்கள் வாடத் தொடங்கின. இந்தத் தடவை முறை கடைமடையிலிருந்து தொடங்கட்டும் என்று சங்கத்தில் முடிவானது. சார் கோப்பில் விதியை மாற்றினார். மின்வெட்டுக் காலம் அது. மின்சாரம் இருக்கும்போதே அவசரமாக அச்செடுத்து, படித்துப் பார்க்காமல் மடை திறப்பவரிடம் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் மதியம் நான் ஆய்வகத்தில் வினாத்தாள் அச்செடுத்துக்கொண்டிருந்தபோது கடைமடைப் பேச்சியம்மாள் வந்தார். குத்தகைக்கு நெல் போடுகிறவர். கையில் அந்தத் தாள்.

"என்ன சாரு, கூட்டத்துல ஒண்ணு பேசுனீக, தாள்ல ஒண்ணு அடிச்சிருக்கீக. மொதல் மடையிலருந்துதான தண்ணி போகுது?"

"நான் மாத்திட்டேன் ஆத்தா. இந்தக் கையாலதான் மாத்துனேன்."

"கை மாத்துச்சு, தாள் மாறலயே. ஒங்க மச்சான் பேரு மட்டும் மொதல்ல நிக்குது."

முதல் மடை வயல் சாரின் மனைவியின் தம்பி சாகுலுடையது. சாரின் முகம் மாறியது. அவர் நேர்மையை ஊரில் யாரும் அதுவரை சந்தேகித்ததில்லை. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. பேச்சியம்மாளை உட்காரச் சொல்லிவிட்டுக் கோப்பைத் திறந்தார். புது விதி அதில் இருந்தது. நிரலை ஓட்டினார். மறுபடியும் சாகுல் பெயர்தான் முதலில் வந்தது.

பிறகு அவர் செய்ததைப் பார்த்து எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கோப்பின் நடுவில் வேண்டுமென்றே அர்த்தமில்லாத ஒரு சொல்லை எழுதிச் சேமித்தார். நிரல் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது.

"தப்பா எழுதுனா நிக்கணும்ல டீச்சர்? நிக்கலயே. அப்ப இது நான் எழுதுனதப் படிக்கவே இல்ல."

கோப்புகளின் தேதியைப் பார்த்தார். சிரித்துவிட்டார். அன்று சேமித்த கோப்பில் ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி. கணிப்பொறிக்குள் கடிகாரத்தை ஓட்டும் சின்ன பேட்டரி செத்துவிட்டிருந்தது. ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் இயந்திரம் தேதி சரியில்லை என்று காட்டும். ஏதோ ஒரு பொத்தானை அழுத்திவிட்டு வேலையைப் பார்ப்பது எங்கள் எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. வினாத்தாளில் தேதியைப் பேனாவால் எழுதிக்கொள்வோம். அவர் விதியை மாற்றியதும் அப்படி ஒரு மின்வெட்டுக்குப் பிறகுதான். புது மிளகாய் மூட்டையின் மேல் பழைய தேதி விழுந்துவிட்டது. டப்பாவில் இருப்பதுதான் புதிது என்று நினைத்து, இயந்திரம் பழைய பொடியையே எடுத்துக் கொடுத்திருக்கிறது.

அந்தச் சொல்லை நீக்கி, தேதியைச் சரிசெய்து, கோப்பை மறுபடி சேமித்து ஓட்டினார். இயந்திரம் சிறிது நேரம் எடுத்துக்கொண்டது. கடைமடை முதலில் வந்தது.

"கெடியாரம் செத்துப்போச்சுன்னு சொல்றீக. அத ஊருல யாரு நம்புவா?" என்றார் பேச்சியம்மாள்.

"நீங்க நம்ப வேணாம் ஆத்தா. வாங்க, எல்லாரு முன்னாடியும் சொல்றேன். டீச்சர், நீங்களும் சாட்சிக்கு வாங்க."

வாய்க்கால் கரையில் ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே கூடி நின்றார்கள். சாகுலின் வயலில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. சார் சுற்றி வளைக்கவில்லை. "தப்பு என்னுது. தேதி சரியில்லாத மெஷின நம்பி, படிச்சுப் பாக்காம தாளக் குடுத்துட்டேன். சாகுலு எதுவும் கேக்கல, நானும் அவனுக்காக எதுவும் செய்யல" என்றார்.

சாகுலுக்குக் கோபம். "ஒங்க கம்ப்யூட்டருக்கு நாளு கெழம தெரியலன்னா எம் மடைய அடைக்கணுமா மச்சான்?"

"ஒன் வயல்ல ஈரம் கெடக்கு. அங்கன நாத்து மஞ்சளாப் போச்சு. நீயே போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."

சாகுல் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மண்வெட்டியை எடுத்துத் தன் மடையைத் தானே அடைத்தார். "வீட்டுக்கு வாங்க, அக்காகிட்டச் சொல்றேன்" என்று முணுமுணுத்தது மட்டும் எங்களுக்குக் கேட்டது. சாயங்காலம் தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேர்ந்தது. நாற்று பிழைத்தது. அந்தப் போகத்தில் பேச்சியம்மாள் நடவு நட்டார்.

அடுத்த முறைக்குத் தாள் வாங்க அவரே பள்ளிக்கு வந்தார். வாசலில் நின்றபடி, "இன்னைக்கி என்ன தேதி சாரு?" என்று கேட்டார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. சுவரில் நாட்காட்டி தொங்கிக்கொண்டிருந்தும் இயந்திரத்தின் பக்கம் திரும்பி, அதில் இருந்த தேதியைப் பார்த்துக் கிழமையோடு சொல்லிவிட்டு, அதன் பிறகே அச்செடுத்தார். அதுவே வழக்கமாகிப்போனது. யார் தாள் வாங்க வந்தாலும் தேதி கேட்டார்கள். "ஒங்களுக்கு வருத்தமா இல்லையா சார்?" என்று ஒருநாள் கேட்டேன். "கேக்கட்டும் டீச்சர். கேக்குறவுக இருந்தா நான் நிம்மதியாத் தூங்கலாம்" என்றார்.

அவர் இறந்த அன்று அவர் வீட்டு முற்றத்தில் நிறையப் பேர் கூடியிருந்தார்கள். பேச்சியம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எத்தன தடவ கேட்டிருப்பேன், ஒரு தடவ கூட வள்ளுன்னு விழுகல டீச்சரு" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வகுப்பில் முப்பது வருடம் கேள்வி கேட்டே பழகியவள் நான். இப்போது யாராவது என்னைச் சந்தேகப்பட்டு ஒன்று கேட்டால், பதில் தெரியும் என்று தோன்றினாலும், ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். காஜா மைதீன் சாரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான்.